நோட்டீசில் தடவிய மஞ்சள்

பள்ளிக்கூட அலுவலக வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் வாத்தியார் இல்லை. போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மணி அடித்து, தண்ணீர் இறைத்து, கதவு பூட்டி, வீடு வீடாகச் சேதி கொண்டுபோனவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன். நான் சொல்லப்போகும் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று அந்த ஊரில் இன்னும் முடிவாகவில்லை.

பெற்றோருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் நீங்கள் கைபேசியில் நாலு வரி தட்டுகிறீர்கள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதுவே அடையாளம் போட்டுக் காட்டுகிறது. சேதி போய்ச் சேருவது வேறு, ஆள் வந்து சேருவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் ஒரு பிடி மஞ்சள் தூளும் ஆனது.

முதலில் நான் அங்கே எப்படி வந்தேன் என்பது. எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. நாலாவது படிக்கப் போடிக்கு நடக்க வேண்டும். நடக்கவில்லை, ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். புகையில் கண் எந்நேரமும் கலங்கியே இருக்கும். அழுதாலும் யாருக்கும் தெரியாது என்பது அந்த வேலையில் ஒரு வசதி. பிறகு ஜீப்பில் கிளீனர். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு போனது, நான் போகவில்லை. இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அப்புறம் மதுரையில் புரோட்டாக் கடை, போடி ரயிலடியில் மூட்டை. எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஊரில் என்னை "ஊர்சுத்தி" என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதுகளின் நடுவில் நான் சொன்ன அந்த மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். மழைக்காலம் முடியும்வரை இருப்போம் என்று சேர்ந்தேன். பத்தொன்பது மழைக்காலம் முடிந்தது.

அந்தப் பள்ளியிலும் மூன்று வகுப்புதான். நான் சேர்ந்த வருடம் அங்கே நல்ல காரியங்கள் வரிசையாக நடந்தன. கூரையைப் பிரித்து ஓடு போட்டார்கள். கிணற்றுக்கு உருளை வந்தது. இன்னொரு கரும்பலகை வந்தது. நாலாம் வகுப்பு கேட்டு மனுவும் போயிருந்தது. ஆனால் ஊருக்கு எதுவும் தெரியாது. பாதிப் பேர் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்குப் போய், விளக்கு வைத்தபின் திரும்புகிறவர்கள். மீதிப் பேர் திங்கள்கிழமை ஏறிச் சனிக்கிழமை இறங்குகிறவர்கள். ஓடு போட்டு மூன்று மாதம் கழித்து ஒரு தகப்பன் என்னிடம் வந்தான்.

"ஏண்ணே, பள்ளிக்கூடத்தை எங்கிட்டு மாத்திட்டாக? அந்தக் கூரைக் கொட்டாயக் காணமே?"

"அதேதாம்ப்பா. ஓடு போட்டிருக்கு."

"அடடே! நா மூணு நாளா யாரோ புதுசா வீடு கட்டிருக்காகன்னுல்ல நெனச்சேன்."

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஒல்லி, கோபக்காரர். ஊருக்குச் சேதி தெரியவில்லை என்றால் நோட்டீசு போதவில்லை என்று நினைப்பார். "இதனால் சகல பெற்றோர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி, பிள்ளைகள் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். படிக்கத் தெரிந்தவர்கள் மலையில் இருந்தார்கள், வீட்டில் இருந்தவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் எனக்கு வடை மடித்துக் கொடுத்தார்கள். "யாதெனில்" வரையில் எண்ணெய் ஊறியிருந்தது. அவரிடம் காட்டவில்லை. வடையைத் தின்றுவிட்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

அடுத்து, நாலாம் வகுப்பு விஷயமாகப் பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று கடிதம் வந்தது. பெற்றோர் கூடியிருக்க வேண்டுமாம். தமுக்கு அடித்துச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். இங்கேதான் என் முதல் தப்பு. அந்த ஊரில் அதுவரை தமுக்கு அடித்துச் சொன்னது ஒரே ஒரு விஷயம்: காலரா ஊசி. முச்சந்தியில் தமுக்குச் சத்தம் எழுந்ததும் கதவுகள் அடைபட்டன. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் வந்துரணும்" என்று கேட்டவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. மறுநாள் பெற்றோர் வராததுகூடப் பரவாயில்லை, பிள்ளைகளும் வரவில்லை. கிழட்டுச் சாமிக்கண்ணு மட்டும் வந்து சட்டையைக் கழற்றிப் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஊசி போட்டால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம்.

ஆய்வாளர் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், கையில் குடை, கக்கத்தில் கோப்பு. சாமிக்கண்ணுவை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலாம் வகுப்பு இவருக்கா?" என்றார்.

தலைமையாசிரியர் சாமிக்கண்ணுவின் சட்டையை எடுத்து நீட்டினார். ஆய்வாளர் கோப்பை மூடிக்கொண்டு சொன்னார்: "பிள்ளைகளை மேலே படிக்க அனுப்புவோம் என்று நாற்பது பெற்றோர் என் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும். அடுத்த மாதம், ஆள் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக, இன்னொரு தடவை வருவேன். அன்றைக்கும் இப்படி என்றால் மனுவைத் தள்ளிவிடுவேன். அப்புறம் யாரும் கேட்டு வரக்கூடாது."

நாலாம் வகுப்பு வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை நான் தெருவில் தேட வேண்டியிருக்கவில்லை. ராமாயி என்று ஒரு அம்மா, மலையில் ஏலக்காய் எடுப்பவர். மகள் செல்லக்கிளி மூன்றாவதில் இருந்தாள். வாத்தியார் இல்லாத நேரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு அவள்தான் வாத்தியார்.

"மூணு முடிஞ்சா எங்கூட ஜீப்புல வந்துருவா," என்றார் ராமாயி. "ஏலச்செடி அடியில வேரோட காய்ச்சிருக்கும்ண்ணே. குனிஞ்சு எடுக்கச் சின்ன ஒடம்புதான் தோது."

"நாலாவது வந்துச்சுன்னா?"

"வந்தாப் பாப்போம். வராததுக்கு எதுக்குண்ணே வாயத் தொறக்கணும்?"

ஜீப்பில் ஏறுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஜீப்பு ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நான் கிளீனராக விழுந்த அதே ஜீப்பு, அதே டிரைவர். என்னை விட்டுவிட்டுப் போனதற்குப் பரிகாரமாக எப்போது பார்த்தாலும் டீ வாங்கித் தருவார். எங்கள் நோட்டீசு ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். படிக்கவில்லை, ஓரத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, இதுல மஞ்சளக் காணமே."

"மஞ்சள் எதுக்கு? இது பள்ளிக்கூட நோட்டீசு."

"மஞ்சள் இல்லாத காயிதம் ரெண்டே வகைதான். ஒண்ணு எழவு. இன்னொண்ணு சர்க்காரு. ரெண்டையும் நம்மாளு கையால தொடமாட்டான். நீ ஒரு விசேஷத்துக்கு எப்பிடி அழைப்ப? அப்பிடி அழையி."

எனக்கு அது தேவவாக்காகப் பட்டது. தலைமையாசிரியரிடம் சொல்லாமல் அறுபது நோட்டீசையும் எடுத்துவந்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். வெற்றிலை பாக்கு வாங்கினேன். ஒரு வாரம், விடியற்காலையில் ஜீப்பு நிற்கும் இடத்துக்குத் தட்டோடு போனேன். பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் இருபது பேர் ஏறி, கால் ஒருவருடையது, தூக்குவாளி இன்னொருவருடையது என்று கலந்திருக்கும். அந்தக் குவியலுக்குள் தட்டை நீட்டுவேன்.

"என்னப்பு விசேஷம்?"

"பள்ளிக்கூடத்துல விசேஷம். நாலாம் வகுப்பு வரப்போகுது. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில. குடும்பத்தோட வந்துருங்க."

ஒருவர்கூட மறுக்கவில்லை. வெற்றிலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்கள். வெற்றிலை வாங்கிவிட்டால் போகாமல் இருக்க முடியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "குடும்பத்தோட வந்துருங்க" என்று எங்கள் பக்கம் சொன்னால் அதற்குள் ஒரு பந்திச் சோறு அடக்கம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்னபிறகு ஆள் தலையாட்டுவதைப் பார்த்ததும், திருத்த மனம் வரவில்லை. இது என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைத் தெரியாமல் செய்தேன், இதைத் தெரிந்தே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆய்வாளர் பத்து மணி பஸ்சில் வருவார். தலைமையாசிரியர் இரண்டு கிலோ காராச்சேவு வாங்கி வைத்திருந்தார். ஒன்பது மணிக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது.

"எந்த வீட்டுல கல்யாணம்?" என்றார் அவர்.

நான் கிணற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மேற்குத் தெருவில் மேளம் முன்னால், அதன் பின்னால் பெண்கள் வரிசையாகத் தலையில் தட்டு. அரிசி, தேங்காய், வெல்லம், வாழைத்தார், ஒரு பித்தளை அண்டா, இரண்டு கோரைப்பாய். எல்லாரும் கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையில். கிழக்குத் தெருவிலிருந்து இன்னொரு மேளம். அங்கேயும் அதே வரிசை, கூடுதலாக ஓர் ஆட்டுக்கிடாய். சாமிக்கண்ணு இந்தத் தடவை சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ராமாயி செல்லக்கிளிக்குப் பூ வைத்து அழைத்து வந்திருந்தார். நாற்பது பேர் கேட்டோம், ஊரே வந்து நின்றது.

தலைமையாசிரியர் என்னைத் தேடிப் பிடித்தார். "என்னடா சொல்லி அழைச்சே?"

"நாலாம் வகுப்பு வரப்போகுதுன்னுதான் சார்."

"அதுக்கு எதுக்குடா கிடாய்?"

பதில் சொல்ல நேரமில்லை. வாசலில் இரண்டு மேளமும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. எந்தத் தட்டு முதலில் உள்ளே போவது என்று தகராறு. எங்கள் பக்கம் எந்த விசேஷமானாலும் தாய்மாமன் சீர்தான் முதலில் இறங்க வேண்டும். அப்படியானால் பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன் யார்?

மேற்குத் தெருப் பெரியவர், மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இந்த எடமே எங்க தாத்தன் குடுத்தது. மொத தட்டு எங்களுது."

கிழக்குத் தெருக்காரர் விடவில்லை. "எடம் குடுத்தா நீங்க அப்பன் வகையறா ஆச்சு. அப்பன் வகையறா எந்த ஊர்லய்யா சீர் சொமந்து வந்திருக்கு? ஓடு சொமந்தது நாங்க. கெணறு வெட்டுனது நாங்க. நாங்கதான் மாமன்."

"ஓடு சொமந்தவன் மாமன்னா, அந்த லாரிக்காரன்தான்யா மொத மாமன்!"

"வாய அளந்து பேசுங்க!"

"ஏ, தட்டத் தூக்குங்கத்தா. மதிக்காத எடத்துல நமக்கு என்ன சோலி?"

மேற்குத் தெருப் பெண்கள் தட்டைத் திரும்பத் தலையில் ஏற்றினார்கள். மேற்கு போனால் கிழக்கு நிற்காது. "அவுக போனபெறகு நாம நின்னா வக்கத்துப்போய் நின்னதா ஆயிரும்" என்று அங்கேயும் ஒரு குரல் கேட்டது. மலையடிவார வளைவில் பஸ்சு ஹாரன் அடித்தது. பஸ்சு வந்து நிற்க இன்னும் ஐந்து நிமிடம். இறங்கும்போது ஆய்வாளர் பார்க்கப்போவது ஊர் திரும்பிப் போகிற முதுகை. ராமாயி மகள் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் நகர்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, நெருக்கடி நேரத்தில் நியாயத்தைத் தேடாதீர்கள். அது எந்தத் தட்டிலும் இருக்காது. இரண்டு பேரும் தோற்காமல் நிற்க ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் அன்றைக்கு இவ்வளவு தெளிவாகவா யோசித்தேன்? இல்லை. பஸ்சிலிருந்து ஒரு குடை இறங்குவது தெரிந்தது. கத்திவிட்டேன்.

"சண்டைய விடுங்கப்பா! மாமன் வந்துட்டாரு!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஆத்தா யாரு? கல்வி ஆபீசு. ஆத்தா கூடப் பொறந்தவரு யாரு? அந்தா வர்றாருல்ல, இன்ஸ்பெக்டரு. அவருதான் தாய்மாமன். அவரு இல்லாம நீங்க எப்பிடிய்யா சீர எறக்குவீக?"

மேற்குத் தெருப் பெரியவர் யோசித்தார். கிழக்கு மாமன் இல்லை, அது போதும். கிழக்குத் தெருக்காரரும் யோசித்தார். மேற்கு மாமன் இல்லை, அதுவும் போதும். ராமநாதபுரத்துக்காரர் மாமனாக இருப்பதில் இரண்டு தெருவுக்கும் அவமானமில்லை.

"வாங்க மாமா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டு மேளமும் ஒன்றாகக் கிளம்பின.

ஆய்வாளர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் தலையில் உருமால் கட்டினார்கள். மாலை விழுந்தது. முதல் அண்டாவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்கள். கோப்பைக் கக்கத்திலிருந்து பல்லுக்கு மாற்றிக்கொண்டு அண்டாவோடு உள்ளே வந்தார் அந்த மனிதர். அதன்பிறகு கிழக்கும் மேற்கும் ஜோடி ஜோடியாகத் தட்டை இறக்கின.

நாற்காலியில் உட்கார வைத்தபிறகு முன்வரிசையில் ஒரு பெண் கேட்டார்: "எல்லாஞ் சரி. மாமன் என்ன சீர் கொண்டாந்தாரு?"

கூட்டம் அவர் கையைப் பார்த்தது. ஆய்வாளரும் தம் கையைப் பார்த்தார். அவரும் அக்கா தங்கச்சியோடு பிறந்தவர்தான் போலிருக்கிறது. வெறுங்கையோடு வந்த மாமன் என்ற பேச்சு எவ்வளவு தூரம் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மெதுவாகக் குடையை எடுத்து ஒரு தட்டில் வைத்தார்.

"குடை வெயிலுக்கு ஆச்சு," என்றார் ராமாயி, மகளை முன்னால் தள்ளிக்கொண்டு. "புள்ளைக்கு நாலாவதுக்கு?"

எனக்கு ராமாயியை அப்போதுதான் தெரிந்தது. வராததற்கு எதற்கு வாய் என்று சொன்னவர், வந்து நின்றதும் வாயைச் சும்மா வைக்கவில்லை.

ஆய்வாளர் கோப்பைத் திறந்தார். கைநாட்டு வாங்கத் தொடங்கினோம். நாற்பதைத் தாண்டியும் ஆள் நின்றார்கள், காகிதம் தீர்ந்தது, மை தீர்ந்தது. அலுவலகத்துக்குப் போய் எழுத வேண்டிய பரிந்துரையை அங்கேயே, உருமாலைக் கழற்றாமலே, எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று மேசையில் வைத்தார். அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் செல்லக்கிளி தட்டிலிருந்த மஞ்சளைத் தொட்டு அதன் நாலு மூலையிலும் தடவிவிட்டாள். மதுரைக் கல்வி அலுவலகத்துக்கு மஞ்சள் தடவிப் போன அரசாங்கப் பரிந்துரை வேறு ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது.

அன்றைய சோற்றுப்பாட்டையும் சொல்ல வேண்டும். மூன்று கல் கூட்டி, சீராக வந்த அண்டாவில் சீராக வந்த அரிசியைப் போட்டேன். கிடாயைத் தலைமையாசிரியர் காப்பாற்றிவிட்டார். தேங்காய்ச் சோறும் வெல்லப் பாயசமும் ஆக்கிப் போட்டேன். "நம்ம அரிசிய நமக்கே போட்டுட்டான் ஊர்சுத்தி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள்.

சாயங்காலம் தலைமையாசிரியரிடம் எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. அதில் ஒன்று மட்டும் நியாயம். "நாலாம் வகுப்பு வரலேன்னா என்னடா பண்ணிருப்பே? வராத பிள்ளைக்குச் சீர் வாங்கின பள்ளிக்கூடம்னு நம்மளை மலை முழுக்கப் பேசிருப்பான்." உண்மை. "கேட்டிருக்கிறோம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வரப்போகுது" என்றேன். என் அதிர்ஷ்டம் குடையோடு பஸ்சில் வந்தது. உங்களுக்கும் வரும் என்று நம்பி கேட்டிருப்பதை வரப்போவதாக எழுதாதீர்கள்.

இன்னொன்றை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. சீர் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். அந்த வருடத்திலிருந்து ஊரில் எந்தக் காதுகுத்து, எந்தக் கல்யாணம் என்றாலும் பள்ளிக்கூடத்துக்கு வெற்றிலை வந்தது. தலைமையாசிரியர் தேங்காய் பழத்தோடு போனார், தட்டை நான் தூக்கினேன். பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பெற்றோர். எழுந்து போக முடியாத பெற்றோர். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் புதுக் கரும்பலகை, அடுத்த மாதம் அளவெடுக்கப்போகும் சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அவர் பழகிக்கொண்டார். "யாதெனில்" தானாகவே உதிர்ந்துவிட்டது. மூன்று வருடத்தில் அந்த ஒல்லி மனிதருக்குச் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. அதன்பிறகு ஓடு எப்போது மாறியது என்று யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் பட்டது மறக்குமா? அடுத்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு நோட்டீசு எழுதும்போது, தலைமையாசிரியர் கடைசி வரியாகப் "பந்தி கிடையாது" என்று பெரிய எழுத்தில் எழுதினார். மஞ்சளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். விடியற்காலை ஜீப்படிக்குப் போனேன். ராமாயி உள்ளே இருபது பேரில் ஒருவராக இருந்தார். செல்லக்கிளி கீழே நின்றாள், தாய்க்குத் தூக்குவாளி கொடுக்க வந்திருந்தாள். நாலாம் வகுப்பு. நோட்டீசை என் கையிலிருந்து வாங்கி, ஜீப்பு முழுதுக்கும் கேட்கும்படி கணீரென்று வாசித்தாள். தேதி, நேரம், ஐந்தாம் வகுப்புக்கு மனு கேட்டிருக்கிறோம் என்பது வரையில் பிசகில்லை. அதோடு மடித்துவிட்டாள்.

ஜீப்பு தாயை ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்தது.

"ஏத்தா, கடேசி வரிய விட்டுட்டயே?" என்றேன்.

என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அத வாசிச்சா யாருண்ணே வருவா?"

மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.